ஐந்து நிமிடமும் பத்து வினாடியும்

கமாசோட்ஸ் என்று ஒரு கோள். அங்கே ஒரு தெரு. சாம்பல் நிற வீடுகள், எல்லாம் ஒரே உயரம், ஒரே வடிவம். ஒவ்வொரு வாசலிலும் ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருக்கிறது. பெண் பிள்ளைகள் கயிறு தாண்டுகிறார்கள், பையன்கள் பந்து தட்டுகிறார்கள். அத்தனை கயிறும் ஒரே நொடியில் தரையைத் தொடுகின்றன, அத்தனை பந்தும் ஒரே நொடியில் எழும்புகின்றன. பிறகு எல்லாக் கதவுகளும் ஒன்றாகத் திறக்கின்றன. எல்லா அம்மாக்களும் ஒன்றாகக் கைதட்டிப் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுகிறார்கள். ஒரே ஒரு பையனுக்கு மட்டும் தாளம் பிசகுகிறது. அவன் பந்து எங்கோ எகிறுகிறது, கைக்குச் சிக்காமல் உருண்டு ஓடுகிறது. அம்மா பதறி ஓடிவந்து அவனை உள்ளே இழுத்துக்கொள்கிறாள். வெளியிலிருந்து வந்த பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டுபோய்க் கதவைத் தட்டினால், எங்கள் பகுதியில் எந்தக் குழந்தையும் பந்தைத் தவறவிடாது என்று நடுக்கத்தோடு மறுக்கிறாள். கதையில் இன்னும் கொஞ்சதூரம் போனால் அதே பையனை ஓர் அறைக்குள் பார்க்கிறோம். தாளம் தப்பாமல் பந்து தட்ட அவனைப் பழக்குகிறார்கள். பந்து தரையில் படும் ஒவ்வொரு முறையும் அவனுக்கு வலிக்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் மேடலீன் லெங்கிள் 1962-ல் வெளியிட்ட 'எ ரிங்கிள் இன் டைம்' நாவலில் வரும் காட்சி இது. இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கையெழுத்துப்படி. வெளிவந்த மறு ஆண்டே, அமெரிக்காவில் சிறார் இலக்கியத்துக்குத் தரப்படும் நியூபெரி பதக்கத்தைப் பெற்றது. கதைத் தலைவி மெக் மர்ரி பதின்பருவத்துச் சிறுமி. கண்ணாடி, பல்லில் கம்பி, அடங்காத முடி. கணக்கில் கெட்டிக்காரி, ஆனால் வகுப்பில் மந்தம் என்று பெயர். அப்பா விஞ்ஞானி, ஒருநாள் காணாமல் போனவர், திரும்பவில்லை. ஓடிப்போய்விட்டார் என்று ஊரே பேசுகிறது. தம்பி சார்ல்ஸ் வாலஸ் மற்ற குழந்தைகளைப் போல் இல்லாததால் அவனை மக்கு என்கிறார்கள். அப்படிச் சொன்ன ஒரு பெரிய பையன்மேல் பாய்ந்து சண்டைபோட்டுக் கண்ணுக்குக் கீழே கன்றிப்போன முகத்தோடுதான் மெக் நமக்கு அறிமுகமாகிறாள். லெங்கிளும் பள்ளி நாட்களில் ஆசிரியர்களிடம் அசடு என்ற பெயரைச் சுமந்தவர்தான்.

பள்ளியில் சீண்டப்படும் சிறுமி, காலத்தையும் வெளியையும் கடக்கும் பயணம், ஒன்றுபோல் இல்லாதவர்களைத் தண்டிக்கும் ஒரு சமூகம். இந்த மூன்றையும் ஒரே இளையோர் நாவலில் சேர்த்தது அன்றைக்குப் புதிது. இன்று அது தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. இந்த மூன்றும் ஏன் இவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொள்கின்றன என்று யோசித்துப் பார்த்தால், லெங்கிள் ஒரு நேர்கோடு போட்டிருப்பது தெரிகிறது. பள்ளி வராந்தாவில் ஒரு பெண்ணை ஒதுக்கும் அதே கை, தடுப்பாரில்லாமல் ஒரு கோள் முழுவதும் நீண்டால் கமாசோட்ஸ் வந்துவிடும். அங்கே நோயாளிகள்கூட இல்லை. யாருக்காவது உடம்புக்கு வந்தால் அவர்களை ஒழித்துவிடுவதே கருணை என்று அந்த ஆட்சி நினைக்கிறது.

கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மெக் எப்படிப் போகிறாள் என்பதில்தான் அறிவியல் நுழைகிறது. அவளைக் கூட்டிப்போக வருகிற மூன்று விநோதக் கிழவிகளில் ஒருத்தி தன் அங்கியின் விளிம்பை இரண்டு கைகளால் இழுத்துப் பிடிக்கிறாள். இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு ஓர் எறும்பு நடந்து போனால் நெடுந்தூரம். இரண்டு கைகளையும் சேர்த்துத் துணியை மடித்துவிட்டாலோ, எறும்பு நின்ற இடத்திலேயே போய்ச் சேர்ந்துவிடும். வெளியை இப்படி மடிப்பதற்கு நாவல் வைத்த பெயர் டெசராக்ட்.

அந்தப் பெயர் லெங்கிள் உண்டாக்கியதில்லை. சார்ல்ஸ் ஹின்டன் என்ற ஆங்கிலேயக் கணித ஆசிரியர் 1888-ல் எழுதிய புத்தகத்திலிருந்து வருகிறது. ஒரு புள்ளியை நகர்த்தினால் கோடு, அதற்கு 2 முனைகள். கோட்டைச் செங்குத்தாக நகர்த்தினால் சதுரம், 4 மூலைகள். சதுரத்தை உயர்த்தினால் கனசதுரம், 8 மூலைகள். கனசதுரத்தை, அதன் மூன்று திசைகளுக்கும் செங்குத்தான நான்காவது திசையில் நகர்த்த முடிந்தால் கிடைப்பதுதான் டெசராக்ட். அதற்கு 16 மூலைகள், 32 விளிம்புகள், 24 சதுர முகங்கள். அதை எட்டுக் கனசதுரங்கள் சூழ்ந்திருக்கும். யாராலும் கண்ணால் காண முடியாத ஒரு பொருளின் விளிம்புகளைத் துல்லியமாக எண்ண முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு. லெங்கிள் கொஞ்சம் சுதந்திரம் எடுத்துக்கொண்டார். நான்காம் பரிமாணத்தைக் காலத்துக்குக் கொடுத்துவிட்டு, மடிப்பை ஐந்தாவதாக வைத்தார். கணிதக்காரர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் மடிப்பு என்கிற எண்ணம் இயற்பியலுக்கு அந்நியமானதில்லை. ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும் 1935-லேயே, வெளியின் இரண்டு பகுதிகளை இணைக்கும் ஒரு பாலம் பொதுச் சார்பியல் சமன்பாடுகளுக்குள் இருப்பதைக் காட்டியிருந்தார்கள். இயற்பியலாளர் ஜான் வீலர் 1957-ல் அந்த வகைப் பாலங்களுக்குப் புழுத்துளை என்று பெயர் வைத்தார்.

அதே 1962-ல் வீலரும் ராபர்ட் ஃபுல்லரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தப் பாலம் நிலைக்காது, அதன் தொண்டை மிக வேகமாக இறுகி அறுந்துவிடும், ஓர் ஒளித்துகள்கூட மறுபக்கம் போய்ச் சேர முடியாது என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆக, மெக் போன வழியை நாவல் திறந்த ஆண்டிலேயே இயற்பியல் சாத்திவிட்டது.

மறுபடி அந்தக் கதவைத் தட்டியது இன்னொரு நாவல். 'காண்டாக்ட்' எழுதிக்கொண்டிருந்த வானியலாளர் கார்ல் சேகன், தன் கதாநாயகியைத் தொலைதூர விண்மீன் ஒன்றுக்கு அனுப்ப இயற்பியலோடு முரண்படாத வழி வேண்டும் என்று கால்டெக்கில் இருந்த இயற்பியலாளர் கிப் தோர்னிடம் கேட்டார். தோர்ன் கேள்வியைப் புரட்டிப் போட்டார். தொண்டை மூடாமல் இருக்க அதற்குள் என்ன வேண்டும்? எதிர்மறை ஆற்றல் வேண்டும் என்று விடை வந்தது. ஹெண்ட்ரிக் காசிமிர் 1948-ல் கணித்தபடி, வெற்றிடத்தில் மிக நெருக்கமாக வைத்த இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே அந்த மாதிரி ஆற்றல் மிகமிகச் சிறிய அளவில் தோன்றுகிறது. ஒரு சிறுமி நுழைந்து போகும் அளவுக்குப் புழுத்துளையைத் திறந்துவைக்க அது எந்த மூலைக்கும் போதாது. ஆனாலும் 1988-ல் தோர்னும் அவருடைய மாணவர்களும் வெளியிட்ட கட்டுரைகளுக்குப் பிறகு, காலப் பயணத்தைப் பற்றிப் பேசுவது இயற்பியல் இதழ்களில் கௌரவமான வேலையாகிவிட்டது.

நாவலில் அந்தக் கிழவிகள் ஒரு வாக்குறுதி கொடுக்கிறார்கள். பெரிதாக எதுவும் தவறிவிடாத வரை, நீங்கள் புறப்பட்டதற்கு ஐந்து நிமிடம் முன்பாகவே உங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவோம், அம்மா தேடவே மாட்டாள் என்கிறார்கள். எத்தனையோ ஒளியாண்டு தூரத்தைவிட இந்த ஐந்து நிமிடம்தான் இயற்பியலைப் படுத்துகிறது. முன்னோக்கிப் போவதில் ஒரு தகராறும் இல்லை. வேகமாகப் போகிறவருக்குக் காலம் மெதுவாக ஓடும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் இருந்துவிட்டு இறங்குகிறவர், தரையில் இருந்தவர்களைவிட வினாடியில் சுமார் 200-ல் ஒரு பங்கு இளமையாக இறங்குகிறார். நம் கைப்பேசிக்கு வழிகாட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் உள்ள கடிகாரங்களோ, உயரத்தில் ஈர்ப்பு குறைந்து காலம் விரைவதால், தரைக் கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோவினாடி முந்துகின்றன. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் வரைபடத்தில் நம் இடம் பத்துக் கிலோமீட்டர் அளவுக்கு விலகிவிடும். எதிர்காலத்துக்குப் போகும் பயணம் அன்றாடக் கணக்கு வழக்கில் சேர்ந்துவிட்ட விஷயம். பின்னோக்கித்தான் சிக்கல்.

தோர்ன் குழு காட்டிய வழி இது. ஒரு புழுத்துளை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாயை வீட்டிலேயே வைத்துவிட்டு, மற்றதை 2030-ல் ஒரு விண்கலத்தில் ஏற்றி, ஒளியின் வேகத்தில் 99.5 சதவீத வேகத்தோடு ஓடவிட்டுத் திருப்பிக் கொண்டுவருகிறோம். பூமியில் பத்து ஆண்டு கழிந்து 2040 ஆகியிருக்கும். கலத்தில் ஓராண்டுதான் போயிருக்கும், அதன் கடிகாரம் 2031 என்று காட்டும். புழுத்துளைக்குள்ளே இரண்டு வாய்களும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றுகின்றன. ஆகவே 2040-ல் திரும்பி வந்த வாய்க்குள் நுழைகிறவர், வீட்டில் இருக்கும் வாய்வழியாக 2031-ல் வெளியே வருவார்.

கணக்கு இந்த இடத்தில் ஒரு கடுமையான எல்லையைப் போடுகிறது. 2030-க்கு முன்னால் போகவே முடியாது. கருவி பிறப்பதற்கு முந்தைய எந்த நாளுக்கும் கருவியால் வழி காட்ட இயலாது. பள்ளி வயதில் ஒரு மதிய இடைவேளையில் நடந்த ஒன்றை நினைத்து, அந்த நிமிடத்துக்குத் திரும்பிப் போய் வேறு மாதிரி நடந்துகொள்ள மாட்டேனா என்று ஏங்காதவர்கள் குறைவு. அடிபட்டவர்கள் மட்டுமல்ல, அடித்தவர்களும், பார்த்துக்கொண்டு நின்றவர்களும் ஏங்குகிறார்கள். நாளைக்கே யாராவது கால இயந்திரம் கட்டி முடித்தாலும், அது நம்மில் யாரையும் அந்த இடைவேளைக்குக் கொண்டுபோகாது. ஸ்டீபன் ஹாக்கிங் இன்னும் ஒரு படி மேலே போனார். இயற்கையின் விதிகள் ஒன்றுகூடி, கால இயந்திரம் உருவாகும் தறுவாயிலேயே அதை அழித்துவிடும் என்று 1992-ல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். 2009 ஜூன் 28-ம் தேதி கேம்பிரிட்ஜில் காலப் பயணிகளுக்கென்று ஒரு விருந்து ஏற்பாடு செய்தார். விருந்து முடிந்த பிறகுதான் அழைப்பிதழை வெளியிட்டார், எதிர்காலத்திலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் தெரியட்டும் என்று. யாரும் வரவில்லை.

சரி, எப்படியோ ஒருவர் போயேவிட்டார் என்றால் எதையாவது மாற்ற முடியுமா? ரஷ்ய இயற்பியலாளர் இகோர் நோவிகோவ் முடியாது என்றார். நடந்ததோடு ஒத்துப்போகிற காரியங்கள் மட்டுமே அங்கே நடக்கும் என்பது அவர் தரப்பு. இன்னொரு இயற்பியலாளர் ஜோசஃப் போல்சின்ஸ்கி இதைச் சோதிக்க ஒரு பில்லியர்ட்ஸ் பந்தைக் கற்பனை செய்தார். பந்து புழுத்துளைக்குள் போகிறது, சற்று முந்தைய நேரத்தில் வெளியே வருகிறது, உள்ளே போகவிருக்கும் தன்னையே மோதித் திசைதிருப்பிவிடுகிறது. அப்படியானால் அது உள்ளே போயிருக்காது. போகவில்லை என்றால் மோதியது எது? தோர்னின் மாணவர்கள் கணக்குப் போட்டு 1991-ல் ஒரு விடை கண்டார்கள். வெளியே வரும் பந்து பலமாக மோதாமல் லேசாக உரசிப்போகிறது. அந்த உரசலால் பழைய பந்து சற்றே விலகி, ஆனாலும் துளைக்குள் போய்விடுகிறது. அந்த விலகலே வெளியே வரும்போது அது உரசுவதற்குக் காரணமாகிறது. எல்லாம் பொருந்திவிடுகிறது. பழைய நேரத்துக்கு வந்தவர், அந்த நேரம் முன்பு எப்படி நடந்ததோ அதில் ஏற்கெனவே ஒரு பங்காளி.

இந்தக் கணக்கின் மேல் நின்று அழ வைக்கிற கதை ஒன்று உண்டு. ரெபெக்கா ஸ்டெட் 2009-ல் எழுதிய 'வென் யூ ரீச் மீ'. 2010-ல் அதுவும் நியூபெரி பதக்கம் பெற்றது. 1970-களின் முடிவில் நியூயார்க்கில் வாழும் மிராண்டா என்ற சிறுமி எந்நேரமும் கையில் வைத்துப் படிக்கும் புத்தகம் லெங்கிளின் நாவல்தான். அவளுடைய நண்பன் சால் என்பவனை, மார்க்கஸ் என்ற பையன் ஒருநாள் தெருவில் வைத்துக் காரணமே இல்லாமல் குத்திவிடுகிறான். படிக்கப்போகிறவர்கள் மன்னிக்க வேண்டும், முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. பின்னொரு நாள் மார்க்கஸைக் கண்டு பயந்து ஓடும் சால், வேகமாக வரும் லாரியின் முன்னால் பாய்கிறான். தெருமுனையில் பைத்தியக்காரன் என்று எல்லோரும் ஒதுக்கிய ஒரு கிழவர் அவனை உதைத்துத் தள்ளிக் காப்பாற்றிவிட்டு, அந்த லாரியிலேயே அடிபட்டு இறக்கிறார். அந்தக் கிழவர், வயதாகிப்போன மார்க்கஸ். அன்று விட்ட குத்தை அவரால் அழிக்க முடியவில்லை. அதன் தொடர்ச்சியில் ஓர் இடத்தில் வந்து நிற்க மட்டும் முடிந்தது.

இனி கடிகாரத்தை உண்மையான உலகத்தில் முன்னோக்கி ஓட்டுவோம். அதற்கு ஒரு கருவி இருக்கிறது. 1958 மார்ச் மாதத்தின் ஒரு வாரத்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் முழுக்கப் பிறந்த சுமார் 17,000 குழந்தைகளைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். முதலில் பிரசவ கால இறப்புகளைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் தொடங்கினார்கள். பிறகு அவர்களை விடவே இல்லை. 7 வயதில், 11 வயதில், 23-ல், 45-ல், 50-ல் என்று தேடிப்போய்ப் பேசினார்கள். ஏழாம் வயதிலும் பதினோராம் வயதிலும் பெற்றோரிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று, உங்கள் பிள்ளையை மற்றப் பிள்ளைகள் சீண்டுகிறார்களா என்பது. எப்போதாவது என்று சொன்னவர்கள் 28 சதவீதம், அடிக்கடி என்று சொன்னவர்கள் 15 சதவீதம். பதில் காகிதத்தில் ஏறி உறங்கியது.

லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ரியு தகிசாவா, பார்பரா மோகன், லூயிஸ் ஆர்சனோ மூவரும் 2014-ல் அந்தக் காகிதங்களை, அதே மனிதர்களின் ஐம்பதாம் வயதுப் பதில்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். 7,771 பேரின் வாழ்க்கை. சிறுவயதில் அடிக்கடி சீண்டப்பட்டவர்களுக்கு 45 வயதில் மனச்சோர்வும் பதற்றக் கோளாறும் கூடுதலாக இருந்தன. 50 வயதில் அவர்களுக்கு நெருங்கிய துணையோ நண்பர்களோ குறைவு. வாழ்க்கையில் நிறைவும் குறைவு. குடும்பத்தின் வசதி, குழந்தையின் அறிவுத்திறன், முன்பே இருந்த மனக்கஷ்டம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தும் அந்தக் கோடு அழியவில்லை. அடுத்த ஆண்டு இன்னொரு ஆய்வில், 45 வயதில் எடுத்த ரத்தத்தில்கூட அழற்சிக்கான அடையாளங்கள் அவர்களிடம் சற்று உயர்ந்திருப்பதைக் கண்டார்கள். விளையாட்டு மைதானத்தில் நடந்தது ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து ரத்தத்தில் தெரிகிறது. இவை சராசரிகள் என்பதை மறக்கக் கூடாது. சீண்டப்பட்டும் நன்றாக வாழ்ந்தவர்கள் ஏராளம், யாருடைய தலையெழுத்தும் ஏழு வயதில் முடிந்துவிடவில்லை. ஆனாலும், இதெல்லாம் பிள்ளைகளுக்குள் சகஜம், வளர்ந்தால் மறந்துவிடும் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

எவ்வளவு சின்ன ஒதுக்கல் போதும், வலி தொடங்க? கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒருமுறை பூங்காவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஃபிரிஸ்பி வட்டு வந்து விழுந்தது. எடுத்து எறிந்தார். விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பேர் அவருக்கும் திருப்பி எறிந்தார்கள். சற்று நேரம் மூவருமாக ஆடினார்கள், பிறகு ஒன்றும் சொல்லாமல் அவருக்கு எறிவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள், ஒன்றுமில்லாத விளையாட்டு. ஆனாலும் உள்ளே சுருக்கென்றது. அந்தச் சுருக்கையே சைபர்பால் என்ற கணினி விளையாட்டாக்கி ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். திரையில் மூன்று உருவங்கள் பந்து எறிந்து ஆடும். அதில் ஒன்று நீங்கள். முதலில் இரண்டு தடவை பந்து வரும், பிறகு வரவே வராது. சில நிமிடங்களிலேயே ஆட்களுக்கு மனநிலையும் தன்மதிப்பும் சரிந்துவிடுகின்றன. எதிரில் ஆடுவது மனிதர்களே இல்லை, கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் சரிகின்றன. நவோமி ஐசன்பெர்கரின் குழு 2003-ல் இந்த விளையாட்டை ஸ்கேன் இயந்திரத்துக்குள் ஆடவைத்தபோது, உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய ஒரு மூளைப் பகுதி அதிகம் இயங்கியது. அந்தப் பகுதி எதிர்பாராத எதற்கும் இயங்கும், அதை வலி என்றே படித்துவிடக் கூடாது என்று மற்ற ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள்; அந்த விவாதம் முடியவில்லை. ஒதுக்கப்பட்டவர் சொல்லும் வேதனையில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

கமாசோட்ஸ் எப்படி உருவாகிறது என்பதற்கும் ஆய்வகத்தில் ஒரு சான்று இருக்கிறது. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் நடத்திய சோதனையில் ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் உள்ள மூன்றில் எது இதே நீளம் என்று கேட்பார்கள். விடை கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். ஆனால் அறையில் இருக்கும் மற்ற எல்லோரும் முன்பே பேசிவைத்துக்கொண்டு ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். சோதிக்கப்படுகிறவர் ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை கண்ணை நம்பாமல் கூட்டத்தோடு போய்விட்டார். பலரும் பேசுவது இவ்வளவோடு நின்றுவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது ஆஷ் அடுத்துச் செய்தது. கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியான விடை சொல்ல வைத்தார். அவ்வளவுதான். கூட்டத்தோடு ஒத்துப்போவது நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. எதிரே எத்தனை பேர் என்பதைவிட, பக்கத்தில் ஒருவராவது உண்டா என்பதுதான் பெரிதாக எண்ணப்படுகிறது. கமாசோட்ஸை ஆளும் ஒரு பெரிய மூளையின் முன் மெக் நிற்கும்போது அவள் பிடித்துக்கொள்ளும் உண்மையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது: சமமாக இருப்பது வேறு, ஒன்றுபோல் இருப்பது வேறு.

டொரண்டோவில் டெப்ரா பெப்லர், வெண்டி கிரெய்க் இருவரும் 1990-களில் ஒரு காரியம் செய்தார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் உடையில் சின்ன ஒலிவாங்கியைப் பொருத்தி, தூரத்திலிருந்து கேமராவில் விளையாட்டு மைதானத்தைப் பதிவு செய்தார்கள். பிள்ளைகளிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்பதற்கும் நடப்பதையே பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! லின் ஹாக்கின்ஸோடு சேர்ந்து அவர்கள் 2001-ல் வெளியிட்ட ஆய்வில் 306 சீண்டல் சம்பவங்கள். அவற்றில் 88 சதவீதச் சம்பவங்களில் சுற்றி மற்றப் பிள்ளைகள் இருந்தார்கள். யாராவது குறுக்கே வந்தது 19 சதவீதச் சம்பவங்களில்தான். அப்படி வந்தபோது என்ன ஆனது என்பதுதான் என்னை நிறுத்தியது. பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில், 57 சதவீதத்தில், பத்து வினாடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது.

ஐந்து நிமிடம் பின்னோக்கிப் போக எதிர்மறை ஆற்றலும், ஒளிக்கு நெருங்கிய வேகமும், ஹாக்கிங் சொன்ன தடையைத் தாண்டுவதும் வேண்டும். ஐம்பது ஆண்டு முன்னோக்கி நீளும் ஒரு கோட்டை வளைக்க, பல சமயங்களில் பத்து வினாடியும், 'விடு' என்று சொல்ல ஓர் எட்டு வயதுக் குழந்தையும் போதும். பத்து வினாடியில் ஒரு சம்பவம்தான் நிற்கும், அடிக்கடி நடக்கும் வதை நிற்காது என்பது உண்மை. ஆனால் அடிக்கடி என்பது ஒவ்வொரு சம்பவமாகச் சேர்ந்துதான் ஆகிறது.

இதைத் தற்செயலுக்கு விடாமல் முறையாகச் செய்து பார்த்த நாடு பின்லாந்து. துர்க்கு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா சால்மிவல்லி 1990-களிலேயே, சீண்டலில் இரண்டு பேர் மட்டும் இருப்பதில்லை என்று காட்டியவர். கூடச் சேர்ந்து பிடிக்கிறவர், சிரித்து ஊக்கம் தருகிறவர், ஒதுங்கி நிற்கிறவர், காக்க வருகிறவர் என்று வகுப்பே அதில் ஒரு வேடம் ஏற்றிருக்கிறது. சீண்டுகிறவனுக்கு வேண்டியது பெரும்பாலும் அந்தப் பார்வையாளர்களின் மதிப்புதான். அவனைத் திருத்துவது கடினம்; பார்த்துக்கொண்டிருப்பவர்களை நகர்த்துவது அதைவிட எளிது. இந்த எண்ணத்தில் உருவான கிவா என்ற திட்டத்தை 2007 முதல் 2009 வரை 234 பள்ளிகளில் சோதித்தார்கள். பாதிப் பள்ளிகளில் நடத்தி, மீதிப் பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். சீண்டல் குறைந்ததால் 2009-லிருந்து நாடு முழுவதற்கும் கொண்டுபோனார்கள். பாடவேளைகள், கணினி விளையாட்டுகள், இடைவேளையில் கண்காணிக்கும் ஆசிரியர்களுக்குப் பளிச்சென்ற மேலங்கி. குறைவு பிரமாதமாக இல்லை. ஆனால் லட்சக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் ஒரு நாட்டில் சிறிய சதவீதமும் ஆயிரக்கணக்கான முகங்கள்.

பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்று தெரியவந்தது. திட்டம் நன்றாக வேலை செய்து, சீண்டல் வெகுவாகக் குறைந்த வகுப்புகளில், இன்னும் சீண்டப்பட்டுக்கொண்டிருந்த ஓரிரு பிள்ளைகளின் மனநிலை, மோசமான வகுப்புகளில் இருந்த பிள்ளைகளைவிடக் கெட்டிருந்தது. எல்லோருக்கும் நடக்கிறது என்றால் ஊர் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். தனக்கு மட்டும் நடக்கிறது என்றால் தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று அந்தப் பிள்ளை முடிவுகட்டிவிடுகிறது. இதை ஆரோக்கியமான சூழலின் முரண் என்கிறார்கள். நல்ல எதிர்காலத்தைக் கட்டுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய ஆய்வு இது என்பது என் எண்ணம். கணக்கில் வெற்றி வந்த பிறகும் மூலையில் ஒரு பிள்ளை இருக்கிறது, முன்பைவிடத் தனியாக.

அந்தப் பிள்ளைக்கான ஒரு வழி திட்டத்துக்குள் முதலிலேயே இருந்தது. ஒரு சீண்டல் தெரியவந்தால், பள்ளியில் அதற்கென்று இருக்கும் குழு சம்பந்தப்பட்டவர்களோடு பேசும். அதோடு வகுப்பாசிரியர், வகுப்பில் மதிப்புள்ள, நல்ல மனமுள்ள இரண்டு முதல் நான்கு பிள்ளைகளைத் தனியே அழைக்கிறார். சீண்டப்பட்ட பிள்ளைக்கு உங்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறார். ஒருத்தி சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்காருகிறேன் என்று சொல்லலாம், இன்னொருவன் வீட்டுக்குப் போகும் வழியில் சேர்ந்து நடக்கிறேன் எனலாம். காக்க ஒரே ஒருவர் இருந்தாலும், அந்தப் பிள்ளையின் மனச்சோர்வும் பதற்றமும் யாரும் இல்லாதவரைவிடக் குறைவாக இருப்பதை 2011-ல் அதே துர்க்கு குழு பின்லாந்து வகுப்பறைகளில் கண்டது. ஆசிரியர் அந்த இரண்டு மூன்று பேரோடு பேச எடுத்துக்கொள்ளும் நேரம், மதிய இடைவேளையில் ஒரு பாதி.